மஞ்சள் மாறாத டியூப்

முப்பது நிமிஷத்துக்குத் திருகி வைத்தாயிற்று. தக்காளி வடிவத்தில் இருக்கிற இந்த டைமர் முட்டை அவிக்கிறவர்களுக்காகச் செய்தது, ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய பெரிய மெஷினெல்லாம் பழுதாகித் துணி போர்த்திக் கிடக்க, இந்தத் தக்காளி மட்டும்தான் பதினோரு வருஷமாகப் பிழையில்லாமல் மணி அடிக்கிறது, நான் மட்டும்தான் அதற்குச் சரியாக எழுந்து ஓடுகிறேன். பத்து நாற்பது. பதினொன்று பத்துக்கு அடிக்கும். வாட்டர் பாத்தில் முப்பத்தேழு டிகிரி தண்ணீர், உடம்புச் சூடு, அதற்குள் நான்கு குழி ஸ்டாண்டு, இரண்டு குழியில் இரண்டு டியூப். முன்குழியில் என் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளை அணுக்கள், பின்குழியில் பொன்செல்வியின் வெள்ளை அணுக்கள், இரண்டுக்கும் ஒரே சாயம், ஒரே அளவு, இரண்டும் இப்போது தண்ணீர் அதிகமாய்ப் போன எலுமிச்சை ஜூஸ் நிறம். இரண்டிலும் தூண்டுமருந்து விட்டிருக்கிறேன், நேர்வாளங்கொட்டை எண்ணெயிலிருந்து எடுக்கிற சத்து, வயிற்றைக் கலக்குகிற அதே நேர்வாளம்தான், வெள்ளை அணுவையும் கலக்கிவிடும். நல்ல வெள்ளை அணுவாக இருந்தால் கிருமி வந்துவிட்டது என்று நினைத்துக் கோபப்படும், அந்தக் கோபத்தில் மஞ்சள் சாயம் நீலமாகிவிடும். ரத்தப் புற்று பிடித்த அணு கோபப்படாது. கூட்டம் கூட்டமாக இருக்கும், ஒன்றும் செய்யாது, பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்று சொல்வார்களே, அந்த ஜாதி. சாயம் மஞ்சளாகவே நிற்கும். இவ்வளவுதான் சோதனை. இதைச் சொல்லிப் புரியவைக்க டாக்டர் காந்திமதிநாதன் நாற்பது படம் போடுவார், நான் நாலு வரியில் சொல்லிவிட்டேன்.

முப்பது நிமிஷத்தில் கையைக் கழுவலாம், ரிஜிஸ்டரில் கோடு போடலாம், கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடலாம். பசிக்கவில்லை. காலையிலும் பசிக்கவில்லை, அது இருக்கட்டும். பொன்செல்வி சாப்பிட்டாளோ என்னவோ. முப்பத்தொரு வயசு, சாத்தான்குளம் பக்கம், கையில் நரம்பே கிடைக்காது, ஏழு வாரத்தில் எல்லா நரம்பும் கல்லாகிப் போயிற்று. இன்றைக்கு மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அவள் முகத்தைத் திருப்பவே இல்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கா, கீழ உள்ள நர்சம்மா சொன்னாவ, நீங்க ஒங்க ரத்தத்தையும் எடுப்பியளாம்லா?" ஆமா என்றேன். "ஒங்களுக்கு என்ன செய்யுது?" எனக்கு ஒண்ணும் செய்யல, நல்ல ரத்தம் எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான ஒங்க ரத்தம் எப்படி வேல செய்யுதுன்னு சொல்ல முடியும், அளவுகோலு மாதிரின்னு வச்சுக்கோங்க என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்போ எனக்குத் தொணைக்கு வருதுன்னு சொல்லுங்க." நாங்கள் அதைக் கண்ட்ரோல் என்று எழுதுவோம். பதினோரு வருஷமாக நான்தான் இந்த ஆய்வுக்கூடத்தின் கண்ட்ரோல், என் இடது கைதான். வேறு யாரைக் கூப்பிட்டாலும் சுகர் என்பார்கள், ரத்த அழுத்தம் என்பார்கள், நேற்று ஒரு மாத்திரை போட்டேன் என்பார்கள். மரியபுஷ்பம் கையை நீட்டிவிடுவாள். டாக்டர் வெளியூர் ஆட்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார், "இவங்கதான் எங்க நார்மல்." அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஒன்றிலும் முதலில் வராதவளுக்கு அது பெருமைதான்.

பத்து நாற்பத்தேழு. பின்குழி டியூப் லேசாக இருள்கிறது. கண்ணாடி மூடியில் ஆவி, துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், ஆமாம், அடியிலிருந்து ஒரு ஊதா, கத்தரிப்பூ நிறம், மெல்ல மேலே ஏறுகிறது. பின்குழி என்றால் பொன்செல்வி. மாத்திரை வேலை செய்துவிட்டது. ஏழு வாரமாக அவள் விழுங்கிய மாத்திரை வெள்ளை அணுவைக் கொல்கிற மாத்திரை இல்லை, பழுக்காத அணுவைப் பழுக்க வைக்கிற மாத்திரை, பழுத்துவிட்டால் அதற்குக் கோபம் வரும், கோபம் வந்தால் நீலம். இன்று பன்னிரண்டு மணிக்கு டாக்டர்கள் உட்காருவார்கள். நீலம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அதே மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், மஞ்சள் என்று எழுதிக் கொடுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு இன்றே சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற கடும் மருந்து, அதை அவள் உடம்பு தாங்குமா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் யாருடைய முகத்திலும் தாங்கும் என்று எழுதியிருக்கவில்லை. அதனால் எனக்குச் சந்தோஷம். ஜன்னலுக்கு வெளியே மாடி வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன் தங்கத்துரையைக் கூப்பிட்டுக் கட்டை விரலைக் காட்டலாமா என்றுகூட எழுந்தேன். மினி பஸ் ஓட்டுகிறவர், ஏழு வாரமாகப் பாதி நாள் இந்தப் பெஞ்சில்தான். எழுந்தவள்தான் பார்த்தேன். முன்குழி மஞ்சள்.

இன்னும் நேரம் இருக்கிறது. சில சமயம் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஆனால் என்னுடையது எப்போதும் முந்தும். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் எட்டு நிமிஷம் தாண்டியதில்லை, கை தட்டுவதற்கு முன்னால் நீலமாகி நிற்கும், அவ்வளவு முன்கோபம், என் வீட்டுக்காரர், இவர்கூடச் சொல்வார், ஒன் ரத்தத்துக்கு மருந்தே வேண்டாம், பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும் என்று. பத்து ஐம்பது. மஞ்சள். போன மாசம் என் எண் என்ன. ரிஜிஸ்டரைப் புரட்ட வேண்டியதில்லை, தெரியும், எண்பத்தொன்று. நூறு அணுவை எண்ணினால் தொண்ணூறுக்கு மேல் நீலம் பிடித்திருக்கும் எனக்கு, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று நான்கு, போன மாசம் எண்பத்தொன்று, அன்றைக்கு நான் என்ன சொன்னேன், சாயம் பழசு என்றேன். சாயம் பழசுதான், பாட்டிலில் தேதி முடிய நாலு நாள் இருந்தது. நாலு நாளில் சாயம் கெட்டா போகும். தொடையில் ஒரு கன்றல் இருக்கிறது. பஸ் கம்பியில் இடித்தது. இடித்ததா, இடித்திருக்கும் என்று நினைத்தேனா. பல் துலக்கும்போது ரத்தம், அது பிரஷ் புதுசு. நோன்பு முடிந்து பத்து நாள் காய்ச்சல், அது ஊரெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் ரெடியாக வைத்திருக்கிறேன், பொன்செல்வியும் வைத்திருந்தாள், முதல் நாள் வந்தபோது வரிசையாகச் சொன்னாள், ஈறில் ரத்தம் வந்ததுக்கு வேப்பங்குச்சி, காலில் கன்றினதுக்குக் கட்டில் கால், அசதிக்குத் தூக்கமில்லை. நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன், மனசுக்குள் என்ன நினைத்தேன், இந்த ஜனங்கள் எவ்வளவு தூரம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது இட்லி டப்பாவைப் பார்க்கிறேன். காலையிலிருந்து பசிக்கவில்லை.

என் மகள் ஷைனிக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. ஏன் இப்போது அதை நினைக்கிறேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, போனைப் பிடுங்கி வைத்த கோபம், அந்தக் கோபமும் என் ரத்தம்தான். இவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குக்கர் விசிலை எண்ணத் தெரியாது. சீ, என்ன புத்தி இது, டியூப் நீலமாகப் பத்து நிமிஷம் பிந்தியதற்குள் நான் குடும்பத்துக்குக் குக்கர் வைக்கப் பழக்குகிறேன். யோசி, புஷ்பம். யோசிக்கத்தான் உனக்கு இந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். சாயம் கெட்டுப்போயிருந்தால்? ஒரே பாட்டில், பின்குழி நீலமாகிவிட்டது, சாயம் நல்ல சாயம். தூண்டுமருந்தை முன்குழியில் விட மறந்திருந்தால்? மூடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன், இரண்டிலும் மட்டம் ஒன்று, மயிரிழை வித்தியாசம் இல்லை, விட்டிருக்கிறேன். அணுக்கள் செத்திருந்தால்? ஒரே ஐஸ், ஒரே கை, ஒரே நேரம். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாயிற்று. மிஞ்சினது ஒன்றுதான், முன்குழியில் இருக்கிற அணுக்கள் நல்ல அணுக்கள் இல்லை. முன்குழி என்னுடையது.

என்னுடையதுதானா? அப்போதுதான் அது ஞாபகம் வந்தது, வந்ததா நானாக இழுத்து வந்தேனா தெரியாது. டியூப் மேல் பேர் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால் ஸ்பிரிட்டில் அழியும், காகிதம் ஒட்டினால் வெந்நீரில் கழன்று மிதக்கும், அதனால் இங்கே எல்லாரும் மூடியில்தான் அடையாளம் போடுகிறோம், சிவப்புப் புள்ளி போட்ட மூடி நோயாளி, வெறும் மூடி கண்ட்ரோல். கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்கிறோம். தூண்டுமருந்து இரண்டிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதால் மூடி இரண்டையும் கழற்றி வைப்போம், அந்த அரை நிமிஷம் டியூப்புக்குப் பேர் கிடையாது, முன்குழி கண்ட்ரோல், பின்குழி நோயாளி என்று மனசில்தான் பேர். இன்றைக்கு மருந்தை விட்டு முடித்த அந்த நொடியில் ஜன்னலில் தட்டினார் தங்கத்துரை. "எக்கா, செல்விக்கு டீ வாங்கிக் குடுக்கலாமா, இல்ல இன்னும் ரத்தம் எடுப்பியளா?" குடுங்க தம்பி, எடுத்தாச்சு என்றேன். ஜன்னல் இந்த மேஜையை ஒட்டியே இருக்கிறது, குனிந்து பேச இடமில்லை, ஸ்டாண்டைக் கையால் ஒதுக்கினேன். ஒதுக்கினேன் என்றால் தள்ளினேனா, திருப்பினேனா? சதுர ஸ்டாண்டு, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. திரும்பி வந்து, முன்னால் இருந்ததற்கு வெறும் மூடி, பின்னால் இருந்ததற்குச் சிவப்புப் புள்ளி, போட்டு, தண்ணீரில் இறக்கி, தக்காளியைத் திருகிவிட்டேன். அதனால் மூடி இப்போது சாட்சி சொல்லாது.

திரும்பியிருக்கிறது. திரும்பாமல் எப்படி, வலது கையில் மருந்து விட்ட பிப்பெட், இடது கையால் தள்ளினேன், இடது கையால் தள்ளினால் மூலை நகர்ந்து திரும்பத்தானே செய்யும். நான் வெறும் மேஜையில் இட்லி டப்பாவை வைத்து இடது கையால் தள்ளிப் பார்த்தேன். பாதி திரும்பிற்று. இன்னொரு தடவை, திரும்பவில்லை. மூன்றாவது தடவை வேண்டுமென்றே மூலையில் தள்ளினேன், முழுக்கத் திரும்பிற்று. நாற்பத்து நாலு வயசுப் பொம்பளை இட்லி டப்பாவை வைத்துச் சாட்சி ஜோடிக்கிறேன். பயம் முதலில் வந்ததா, சந்தேகம் முதலில் வந்ததா, அதுதான் கேள்வி. பின்குழி நீலமானபோது எனக்கு இந்த ஸ்டாண்டு ஞாபகம் வரவே இல்லை, பொன்செல்வி பிழைத்தாள் என்று எழுந்து நின்றேன். முன்குழி மஞ்சளாக நின்ற பிறகுதான் ஸ்டாண்டு திரும்பத் தொடங்கிற்று. இருந்தாலும் திரும்பியிருக்கலாம். மாதாவே, திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் நீலம் என்னுடையது, எனக்கு ஒன்றும் இல்லை, கன்றல் பஸ் கம்பி, ரத்தம் பிரஷ், எண்பத்தொன்று பழைய சாயம். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதாவே, இந்த ஒரு தடவை என் கை தப்புச் செய்திருக்கட்டும்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது நான் என்ன கேட்டேன் என்று. நீலம் என்னுடையது என்றால் மஞ்சள் யாருடையது. மஞ்சளை அங்கே தள்ளிவிடு என்று கேட்டிருக்கிறேன், வேறு யாரும் இல்லை இந்த ஸ்டாண்டில், இரண்டே டியூப். துணைக்கு வருதுன்னு சொல்லுங்க என்றாளே. நல்ல துணை. சரி, மாற்றிக் கேட்போம், இரண்டும் நீலமாகட்டும் என்று கேட்போம், மணி பத்து ஐம்பத்தெட்டு, இன்னும் பன்னிரண்டு நிமிஷம், மாதாவால் முடியாததா. கேட்டேன். ஆனால் கேட்கும்போதே தெரிகிறது, வாய் அதைக் கேட்கிறது, மனசு ஸ்டாண்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது, என் பிள்ளை பெரியவள், சமாளித்துக்கொள்வாள், நியாயமாகப் பார்த்தால் நான்தான், இப்படி யோசித்தால் நல்லவள் மாதிரி இருக்கிறது. இரண்டு நொடி அப்படி யோசிக்க முடிகிறது. மூன்றாம் நொடி கண் மறுபடி முன்குழிக்கே போகிறது. நான் நல்லவள் இல்லை, பயந்தவள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலில் தட்டுகிற சத்தம். தங்கத்துரை, கையில் காலி டீ கிளாஸ். "எக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?" கேளுங்க தம்பி. "நெறம் மாறிட்டா?" நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தக்காளியைப் பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. "இல்ல, போன தடவ எடுத்தப்போ மாறலன்னு டாக்டர் சொன்னாவ. அப்போ மாத்திர ஆரம்பிச்ச புதுசு. இப்பம் ஏழு வாரம் ஆயிட்டுல்லா." ஆமா, ஏழு வாரம் ஆயிட்டு. "அவ பயந்துக்கிட்டுக் கெடக்கா. கீழ மரத்தடியில இருக்கா, படி ஏற முடியலன்னுட்டா. நான் சொன்னேன், அக்கா ரத்தமும் கூட இருக்குட்டி, அந்த அக்கா திடகாத்திரமான ஆளு, ஒண்ணும் ஆவாதுன்னேன்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நிமிஷம் கழிச்சு வாங்க என்றேன். அவர் போகவில்லை, ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார், நிற்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

இப்படியும் ஒரு வழி இருக்கிறது. மூடியில் இருக்கிறபடியே எழுதிவிடலாம். சிவப்புப் புள்ளி நீலம், வெறும் மூடி மஞ்சள். பொன்செல்வி மாத்திரையோடு வீட்டுக்குப் போவாள், தங்கத்துரை கையெடுத்துக் கும்பிடுவார், டாக்டர் என் மஞ்சளைப் பார்த்துவிட்டு உங்கள் கையில் ஏதோ தப்பு, இன்னொரு தடவை எடுங்கள் என்பார், இன்னொரு தடவை எடுத்தால் தெரிந்துவிடும் எனக்கு இருக்கிறதா இல்லையா என்று. ஸ்டாண்டு திரும்பியிருந்தால், அதற்குள் அவள் வேலை செய்யாத மாத்திரையை விழுங்கிக்கொண்டு மினி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள். அதனால் அது முடியாது. இரண்டையும் கொட்டிவிட்டுப் புதுசாக எடுக்கலாம், விதிப்படி அதுதான் சரி, சந்தேகம் வந்தால் கொட்டு. அவள் கையில் எங்கே எடுப்பது. மூன்றாவது குத்தில் வந்த ரத்தம் முழுசும் இந்த டியூப்புக்கே போயிற்று, ஒரு சொட்டு மிச்சமில்லை. பன்னிரண்டு மணிக்குள் முடியாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்? மஞ்சள் டியூப்பில் காய் அணுக்கள் இருக்கும், பழுக்காதது, அது தெரியும், யாருடைய காய் என்று அதில் எழுதியிருக்காது. என் விரலைக் குத்தி என் ரத்தத்தை மட்டும் பார்க்கலாம், ஊசி இங்கேயேதான் இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம். எடுக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இந்தக் கண்ணால் இப்போது பார்த்தால் எல்லா அணுவும் காயாகத்தான் தெரியும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். உண்மையான காரணம் வேறு.

பதினொன்று மூன்று. டியூப்பின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரிந்தது, இத்தனை நேரமும் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. இரண்டு டியூப்பிலும் அடியில் ஒரு சிவப்புப் படலம். சிவப்பு அணு. வெள்ளை அணுவைப் பிரிக்கும்போது சிவப்பை முழுக்கக் கழுவி எடுத்துவிட வேண்டும், நான் ஒருநாளும் முழுக்க எடுத்ததில்லை, கொஞ்சம் விட்டுவிடுவேன், கழுவக் கழுவ வெள்ளை அணு அசந்துபோகும் என்பது என் கட்சி, சோம்பேறித்தனம் என்பது டாக்டர் கட்சி. போன வாரம்கூடக் கேட்டார், "மரியபுஷ்பம், இது வெள்ளை அணு சாம்பிளா, ரசமா?" சிவப்பு அணு இருந்தால் குரூப் இருக்கிறது. பொன்செல்வி ஓ, படிவத்தில் எழுதியிருக்கிறது. நான் பி. வெள்ளை ஓட்டில் ஒரு சொட்டு, மஞ்சள் பாட்டில் மருந்து ஒரு சொட்டு, குச்சியால் கலக்கி ஆட்டினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும், முன்குழியில் இருப்பது கட்டி கட்டினால் பி, நான். கட்டாவிட்டால் அவள். கல்லூரிப் பிள்ளைகள் முதல் நாள் படிக்கிற சோதனை. இது தெரியாமலா இருபது நிமிஷம் இட்லி டப்பாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கும். தெரியாமல் இருந்தவரைக்கும் ஸ்டாண்டு எந்தப் பக்கமும் திரும்பலாம். மணி அடிக்கும்வரை டியூப்பைத் தொடக்கூடாது, ஏழு நிமிஷம். இந்த ஏழு நிமிஷம் ஓடாமல் இருந்தால் நல்லது என்றும் இருக்கிறது, சீக்கிரம் ஓடினால் நல்லது என்றும் இருக்கிறது. முன்குழி மஞ்சள். பின்குழி இப்போது நல்ல நீலம், பள்ளிக்கூட மையைக் கரைத்த மாதிரி. ஓட்டைக் கழுவினேன், துடைத்தேன், மறுபடி கழுவினேன். மஞ்சள் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்தேன், குளிர்ச்சி போக.

தக்காளி அடித்தது. ஸ்டாண்டைத் தூக்கினேன், இரண்டு கையாலும், முன்பக்கம் முன்பக்கமாகவே. ஓட்டில் பென்சிலால் முன், பின் என்று எழுதினேன், இப்போது மட்டும் எவ்வளவு ஒழுங்கு. முன்குழியிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்பு. மருந்து. குச்சி. ஆட்டினேன். முதல் பத்து நொடி ஒன்றும் தெரியாது, எனக்கு அது தெரியும், ஆயிரம் பேருக்குச் செய்திருக்கிறேன், குழந்தைப்பேற்றுக்கு வந்தவர்கள், விபத்தில் வந்தவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சான்றிதழுக்காக வந்தவர்கள், யாருக்கும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டியதில்லை. ஓரத்தில் ஒரு மணல் மாதிரி. கட்டுகிறதா. இல்லை, அது குச்சியின் நார். ஆட்டு. ஒரு நிமிஷம். வழவழவென்று ஓடுகிறது, ஒரே சிவப்பு, ஒட்டவில்லை, பிரியவில்லை. பேதலித்த கண், நம்பாதே, இரண்டு நிமிஷம் முழுசும் ஆகட்டும். ஆயிற்று. கட்டவில்லை. ஏ குரூப்புக்கான நீலப் பாட்டில் மருந்தையும் விட்டுப் பார்த்தேன், அதிலும் கட்டவில்லை. ஓ. முன்குழியில் இருப்பது ஓ. பின்குழியிலிருந்து ஒரு சொட்டு, மஞ்சள் பாட்டில், கலக்கிய மாத்திரத்தில் ரவை ரவையாகத் திரண்டுகொண்டது, பி, என் பி, கோபக்கார பி. ஸ்டாண்டு திரும்பித்தான் இருக்கிறது. நீலம் என்னுடையது.

என்னுடையது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. பஸ் கம்பிதான், பிரஷ்தான், சாயம் பழசுதான், பழசாகாமல் பின்னே என்ன. அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறி, நெஞ்சுக்கு வந்து, முகத்துக்கு வந்து, சிரிப்பாக வெளியே வந்தது. பசித்தது. உண்மையாகவே பசித்தது, இட்லி ஞாபகம் வந்தது, மிளகாய்ப் பொடி ஞாபகம் வந்தது, சாயங்காலம் ஷைனிக்குப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றிற்று, பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கட்டும், எத்தனை வருஷம் வேண்டுமானாலும். ஓட்டைக் கையில் ஏந்தி அந்த ரவையையே பார்த்துக்கொண்டு, தனியாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது ஜன்னலில் தங்கத்துரை நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தெரியவில்லை. அவர் தட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகம் மெல்ல மெல்ல என் முகத்தைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது.

"தம்பி," என்றேன். அவர் கையைக் காட்டினார், ஒன்றும் சொல்ல வேண்டாம், போதும் என்கிற மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துவிட்டார். நான் ஸ்டூலை விட்டு எழுவதற்குள் கீழே மரத்தடியில் மணி அடித்திருக்கும், அவள் எடுத்திருப்பாள். "ஏட்டி செல்வி, நான் சொன்னேம்லா. அக்கா சிரிக்காவ. ஆமாட்டி, இந்தா எம் முன்னாலதான் நிக்காவ, நல்லாச் சிரிக்காவ." ஜன்னல் வழியாகப் போனை என் பக்கம் நீட்டினார். உள்ளே பொன்செல்வி பேசுகிற குரல் கேட்டது, "எக்கா, எக்கா" என்று கூப்பிடுகிறாள். என் கையில் ஓடு இருந்தது, பின்னால் ஸ்டாண்டில் அவளுடைய மஞ்சள் டியூப் இருந்தது. நான் வாயை மூடப் பார்த்தேன். உடனே மூட வரவில்லை.